மலையேறாதவள்

இருசம்மாளுக்கு முப்பத்தோரு வருடமாக மாரியம்மன் வந்துகொண்டிருந்தாள். ஆடியில் ஒரு நாள், அரை மணி நேரம். மற்ற நாளெல்லாம் சின்னசேலம் பக்கத்துத் தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் வேலை. பழனி பம்பை அடித்தால் சாமி வரும். அவனே அடியை மாற்றினால் மலையேறிவிடும். கண் விழிக்கும்போது அவளுக்கு ஒன்றும் நினைவிருக்காது. அந்த வெறுமை அவளுக்குப் பிடித்திருந்தது.

இந்த ஆடியில் பழனி வண்டியிலிருந்து விழுந்து, வலது கையில் மாவுக்கட்டோடு இருந்தான். சாமி வந்து உத்தரவு கொடுக்காமல் யாரும் தீ மிதிக்க முடியாது. மைக்செட் சந்தோஷ்தான் ஒரு வழி சொன்னான். போன வருடம் கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தீவிலிருந்து ஒரு குடும்பம், முன்னோர்களின் ஊரைத் தேடி இந்த ஊருக்கு வந்திருந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் கரும்பு வெட்டக் கப்பலேறிப் போனவர்களின் வழிவந்தவர்கள். தமிழ் பேச வராது. ஆனால் அங்கேயும் மாரியம்மன் உண்டு, திருவிழா உண்டு, தப்பு மேளம் உண்டு. அந்தத் தப்பொலியின் பதிவு சந்தோஷின் போனில் இருந்தது.

"நம்ம அடிதான் அத்தை. கொஞ்சம் மெதுவா இருக்கும், அவ்ளோதான்" என்றான்.

பகல் பதினொரு மணிக்கு ஒலிபெருக்கியில் அதைப் போட்டான். இருசம்மாள் ஆடினாள். உத்தரவு கொடுத்தாள். எல்லோரும் தீ மிதித்தார்கள். பதிவு பாதியிலேயே முடிந்துபோனது. மலையேற்றும் அடி அதில் இல்லை. தீ மிதிக்கும் அவசரத்தில் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. மஞ்சள் தண்ணீரை ஊற்றி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முதல் தடவையாக அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. கோயில் அல்ல. நான்கு பக்கமும் தண்ணீர், ஈரப் பலகை, மடியில் சூடு குறைந்துகொண்டே வரும் ஒரு பிள்ளை. இருசம்மாள் கடலைப் பார்த்ததே இல்லை.

மறுநாளிலிருந்து குடிக்கிற தண்ணீரெல்லாம் உப்புக் கரித்தது. தோட்டத்தில் அவள் கை கிழங்கைப் பிடுங்காமல், கரும்பை வெட்டுவதுபோல வெறுங்காற்றில் வீசியது.

"இன்னாடி, கத்தியில்லாம இன்னாத்த வெட்டிக்கினு இருக்க?" என்று சிரித்த, கூட வேலை செய்யும் குஞ்சம்மாள், அவள் முகத்தைப் பார்த்ததும் அடுத்த வரிசைக்கு நகர்ந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் அவள் பழனி வீட்டுக்குப் போனாள்.

"மலையேத்தி வுடு பழனி. என் ஒடம்புல நான் மட்டும்தான் இருக்கணும்."

கோயில் வாசலில் உட்கார்ந்து இடது கையாலேயே பழனி மெல்ல அடித்தான். நாலு அடிதான். அவளுக்குள் ஏதோ ஒன்று சுருண்டு, விலா எலும்பைப் பிடித்துத் தொங்கியது. அம்மன் அப்படிப் பயப்படமாட்டாள். அது அவள் கண் வழியாகவே தெருவைப் பார்த்தது. கிணறு இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி நிற்பதைப் பார்த்துத் திகைத்தது.

இருசம்மாள் பம்பையின்மேல் கையை வைத்து அழுத்தினாள்.

"போதும். இது அம்மா இல்ல. கப்பலேறிப் போன இந்த ஊருப் பொண்ணு. இப்பதான் வூட்டுக்கு வந்திருக்கா."

"அப்ப நீ இன்னா பண்ணுவக்கா?"

அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு உலையில் இன்னொரு பிடி அரிசி சேர்த்துப் போட்டாள். இரண்டு பங்கையும் அவளே சாப்பிட்டாள். பசி அடங்கவில்லை.