எத்திராஜண்ணனின் சோத்தாங்கை

போன வாரம் சதுரங்கப்பட்டினத்திலிருந்து சரளா போன் செய்தாள். "சார், அந்த புக்கு அட்டைல எங்கப்பா போட்டோ போட்டீங்களே, அது உங்ககிட்ட கீதா? வேற நல்ல போட்டோவே இல்ல சார். எல்லாத்துலயும் கண்ண மூடிகினே கீறாரு. ஞாயித்துக்கெழம காரியம். பேனர் அடிக்கணும்."

எத்திராஜண்ணன் இறந்து பத்து நாளாகியிருந்தது. எனக்குத் தெரியவே தெரியாது. படூரில் ஆறாவது மாடியில் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய நாவலுக்கு அட்டை செய்துகொண்டிருந்தேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு புத்தகக் கட்டை இழுத்தேன். பழைய தாளும் பாச்சை உருண்டையும் கலந்த வாடை. என் முதல் நாவல். ஐந்நூறு பிரதி அச்சடித்ததில் பாதிக்கு மேல் இன்னும் என்னோடுதான் குடித்தனம். கல்யாணமாகி வந்த புதிதில், "எழுத்தாளர் வீடுன்னா புத்தகம் நிறைய இருக்கும்னு தெரியும், ஒரே புத்தகமா இருக்கும்னு தெரியாது" என்றாள் மனைவி. நாவலின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னாலும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள், இரண்டு பேருக்கும் சங்கடம்.

அது கடல் நாவல். எழுதியவன் அச்சரப்பாக்கத்துக்காரன். விதை, உரக் கடையில் பில் போடுகிற வேலை. முழங்காலுக்கு மேல் கடல் தண்ணீர் பட்டதில்லை. ஆனாலும் முன்னூறு பக்கத்துக்குப் புயலடிக்க வைத்தேன். எந்தப் பதிப்பகமும் பதில் போடாததால் நானே எழுத்தாளன், நானே பிழை பார்ப்பவன், நானே பதிப்பாளன், சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பவனும் நானே. அட்டை மட்டும் எதற்கு இன்னொருத்தரிடம் என்று அதையும் நானே எடுத்துக்கொண்டேன். செங்கல்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று மாதம் படித்திருந்தேன். எழுத்துக்கு நிழல் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் நிழலுக்கும் ஒரு நிழல் போட்டேன்.

அட்டைக்குப் படம் வேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடன் வாங்கிய கேமராவோடு சதுரங்கப்பட்டினம் போனேன். டச்சுக் கோட்டை மதிலோரம் வெற்றுடம்போடு ஒருவர் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் எத்திராஜண்ணன். எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டு போட்டோ எடுக்கலாமா என்று கேட்டேன். "இரு சாரு" என்று எழுந்து போனார். திரும்பி வந்தபோது தலை வாரி, கட்டம் போட்ட சட்டை மாட்டியிருந்தார். எனக்குப் பெரிய ஏமாற்றம். யதார்த்தம் கெட்டுப்போகிறதாம்! சட்டையைக் கழற்றச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, வாய் வரவில்லை.

"வூட்ல பொண்ணு பாக்கும்ல" என்றார். வலை ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு கேமராவை நேராகப் பார்த்தார்.

ஊருக்குத் திரும்பி அட்டையில் வைத்துப் பார்த்தால் என் நான்கு சொல் தலைப்பு நான் நினைத்த இடத்தில் உட்காரவில்லை. இடது பக்கம் அவர், வலது பக்கம் வானம். எனக்கோ வானம் இடது பக்கம் வேண்டும். அட்டை செய்கிறவர்கள் யோசிக்காமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு: படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டுவிடுவது. ஒரே ஒரு சொடுக்கு. செய்தேன். தலைப்பு கச்சிதமாக உட்கார்ந்தது. என் பெயரை அவருடைய சட்டைமேல், மார்புக்குக் குறுக்கே, தலைப்பைவிடப் பெரிதாகப் போட்டுக்கொண்டேன்.

முதல் பிரதியை எடுத்துக்கொண்டு மார் நிமிர்த்திப் போனேன். அண்ணன் வாங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, அட்டையையே பார்த்தார். கட்டிப்பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"இன்னா சாரு, என்னிய நொட்டாங்கைக்காரனா ஆக்கிட்ட?"

பார்த்தேன். ஊசி இடது கையில் இருந்தது. சட்டைப்பை வலது பக்கம் போயிருந்தது. முன்னூறு பக்கத்தை நாலு தடவை பிழை பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

"சோத்தாங்கைலதான் தைப்பேன் நானு. இத்த பாத்தா ஊர்ல சிரிப்பானுங்க. யாரோ மாரி கீது."

"அடுத்த பதிப்புல மாத்திடறேண்ணா" என்றேன். அடுத்த பதிப்பு வரிசையில் நிற்பதுபோல. அவர் நம்பினார். அதுதான் சங்கடம்.

சரளா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு முழு நாவலையும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த முறை போனபோது, "நல்லா கீது சார். ஆனா நீங்க எழுதுன மீனு எங்க கடல்ல வராதாம், அப்பா சொல்லிச்சி" என்றாள். எனக்குக் கிடைத்த ஒரே விமரிசனம் அது. அண்ணன் மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கதையில் நான் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். கை மட்டும்தான் அவருக்குக் கணக்கு.

அதற்குப் பிறகு எப்போது போனாலும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "அடுத்தது வந்துச்சா சாரு?" என்பார். "வந்துகினே கீதுண்ணா" என்று அவர் பேச்சிலேயே மழுப்புவேன். பிறகு உரக்கடையை விட்டேன், பிறர் புத்தகங்களுக்கு அட்டை செய்வதே பிழைப்பானது, படூருக்கு வந்தேன். போவது குறைந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் ஒரே ஒரு பிரதிகூட அடித்துத் தருகிறார்கள். படத்தைத் திருப்பி, ஒன்றே ஒன்று அடித்து அவர் கையில் கொடுத்திருக்கலாம். தோன்றாமல் இல்லை. இரண்டாம் பதிப்பு என்றால் முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்துதான் வரவேண்டும் என்று ஒரு வீம்பு. கட்டிலுக்கடியில் இருநூற்றெழுபது பிரதியை வைத்துக்கொண்டு வீம்பு!

அசல் படம் என்னிடம் இல்லை. பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டது. இருந்தது அச்சான அட்டை மட்டும். ஸ்கேன் செய்து, எழுத்தை அழிக்கும் செயலி ஒன்றில் போட்டேன். அது அண்ணனுக்கு உப்பிய கன்னமும் ஆறாவது விரலும் கொடுத்தது. இன்னொரு தடவை அவர் கையைக் கெடுக்க எனக்கு மனமில்லை. கையாலேயே அழிக்க உட்கார்ந்தேன். வானத்திலிருந்த தலைப்பு அரை மணியில் போனது. என் பெயர்தான் போக மறுத்தது. கட்டம் போட்ட சட்டை. ஒவ்வொரு எழுத்துக்குக் கீழும் ஒவ்வொரு கட்டமாக வரைய வேண்டியிருந்தது. இரண்டு நாள். இவ்வளவு பெரிதாகவா போட்டுக்கொண்டாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கடைசியாகப் படத்தைத் திருப்பினேன். அதே ஒரு சொடுக்கு. ஊசி சோத்தாங்கைக்கு வந்தது. அழுதுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். தெருமுனையில் பேனரை ஆளுயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். எதிரில் பந்தலில் இருந்த ஒருவர், "அப்பிடியே எத்திராஜிதாம்பா" என்றார். நான் செய்த அட்டைகளில் ஒன்றைப் பற்றியும் யாரும் இப்படிச் சொன்னதில்லை. சரளா டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த உரக்கடை இப்போது செல்போன் ஷோரூம். கம்ப்யூட்டர் சென்டர் இருந்த இடத்தில் பிரியாணிக் கடை. அதெல்லாம் போகட்டும். இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது, பேனராக. வந்துச்சா என்று கேட்கிறவர்தான் இல்லை.