ஹமீது பாய் குடிக்கவில்லை

வியாழக்கிழமை காலை பத்தரை மணி. சென்னைக்கு அனுப்பிய ரத்தத்தின் முடிவு ஃபேக்ஸில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் கிளம்பும்போது சாரத்தில் பாய் வீட்டிலிருந்து போன். ஹமீது பாய் ரத்த வாந்தி எடுத்து இறந்துவிட்டார். லாஸ்பேட்டையில் நம் லேபில், உங்களில் பலருக்கு ரத்தம் எடுத்தவர்.

ஊசியைக் கண்டு அலறும் பிள்ளைகளிடம், "அழு ராஜா, நல்லா அழு. அப்பதான் நரம்பு எழும்பும்" என்பார். பிள்ளை சட்டென்று நிறுத்திவிடும். எடுத்த ஊசிக்குக் கட்டைவிரலால் மூடி போடுவார். அது அடிக்கடி குத்தும். "கையுறை போடுங்க பாய்" என்று கத்துவேன். "நான் பார்க்காத கிருமியா தம்பி?" என்று பஞ்சால் துடைத்துக்கொள்வார்.

போன வருடம் அவர் ஈரலில் சீழ்க்கட்டி. காரணம் அமீபா. இந்த ஊரில் ஈரல் கட்டி என்றால் சாராயம் என்று முடிவு. டாக்டர், குடிப்பீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. "தினம் எவ்வளவு?" என்றார்.

"தொட்டதில்லை சார்."

"எல்லாரும் அப்படித்தான்யா சொல்றீங்க."

நம் லேப் ஆட்கள் மட்டும் சளைத்தவர்களா? "பாய், பஞ்சுல இருந்த ஸ்பிரிட்டைப் பிழிஞ்சு குடிச்சிட்டீங்களா?" அவரும் சிரித்தார். மறுநாளிலிருந்து சாப்பாட்டு டப்பாவைத் தனியாக உட்கார்ந்து திறந்தார்.

சீழை எடுத்தார்கள். காய்ச்சல் போனது, காமாலை போகவில்லை. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான அட்டைச் சோதனையில் ஒரே கோடு, அதாவது இல்லை. அந்த அட்டைக்குச் சிக்காமலே வைரஸ் ஈரலில் பதுங்கியிருக்கலாம், அடுத்த சோதனை செய்யுங்கள் என்றேன். "அமீபா கிடைச்சிடுச்சு, குடியும் இருக்கு. இன்னும் என்னய்யா வேணும்?" என்றார் டாக்டர். ஒரு நோய் கிடைத்ததும் தேடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

வேறு ஆஸ்பத்திரிக்கு அழைத்தேன். "அங்கயும் எவ்வளவுன்னுதான் கேப்பாங்க. பக்கத்துல என் பையன் நிப்பான். வேணாம் தம்பி." கடைசியில், சென்னைக்கு அனுப்ப ரத்தம் எடுக்கச் சொல்லி அவர் என்னிடம் கை நீட்டியபோது வயிறு வீங்கியிருந்தது.

ஃபேக்ஸில் வந்த முடிவு, பி வைரஸ் இருக்கிறது என்றது. எந்த ஊசியில் வந்ததோ.

அவர் வீட்டு வாசலில், என் பின்னால் நம் லேப்காரர் ஒருவரே சொன்னார்: "குடி யாரை விட்டுச்சு?" திரும்பி, காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"சாவு வீட்ல என்னப்பா இது?"

"வேற எங்க சொல்றது?"

கதவுக்குப் பின்னாலிருந்து பாயின் மனைவி ஜமீலா அக்கா கூப்பிட்டார். "அதுல இருக்கறதைத் தமிழ்ல எழுதிக் குடுப்பா. என் மவனும் அவரை நம்பல."

எழுதிவிட்டேன். பாயிடமிருந்து என்னிடம் இருப்பது, ஆஸ்பத்திரியில் தலைகுனியாமல் அவர் சொன்ன அந்த ஒரு பதில். இனி செய்யப்போவது:

1. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டுக்கே போய் ரத்தம் எடுப்பேன். வைரஸ் தொற்றாதவர்களுக்குத் தடுப்பூசி.

2. ஈரல் கட்டி ஆறியும் காமாலை இறங்காதவர் யார் வந்தாலும், அடுத்த சோதனையை டாக்டரிடம் நேரில் கேட்பேன். திட்டட்டும்.

3. தமிழில் எழுதிய இதைப் பாயின் மகனிடம் கொடுத்து, அவன் படித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பேன்.