ஏழு கன்னிமாரும் ஒரு பெயர்ப்பலகையும்

அந்தப் பலகை ஒரு சாண் அகலம் இருக்கும். கறுப்பில் வெள்ளை எழுத்து. 'ஏழு கன்னியர், உத்திரமேரூர் வட்டாரம், நன்கொடை' என்று போட்டு, அதற்கடியில் என் அண்ணன் பெயர். ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் நிலம் அப்போது பாகம் பிரியாதது. அதில் நின்ற ஏழு கன்னிமார் கல்லில் மூன்றரை என்னுடையது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியேற்றி நகரத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். கோயில் பார்க்க, பட்டு வாங்க என்று வந்த உறவினரையெல்லாம் முதலில் அந்தக் கூடத்துக்கு இழுத்துப்போய்ப் பலகையைப் படிக்க வைப்பார். நானே நான்கு முறை படித்தேன். நான்கு முறையும் வயிறு எரிந்தது.

அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் குடும்பத்தில் முதல் பத்திரிகை கன்னிமாருக்குத்தான். ஏழு பேருக்கும் மஞ்சள் பூசிப் பத்திரிகை வைக்காமல் பந்தக்கால் நடக் கூடாது என்று அண்ணி பிடிவாதமாக நின்றார். மூவரும் பஸ் ஏறினோம். கூடத்தில் கன்னிமார் வரிசையாக, எண்ணெய் காணாமல் வெளுத்துப்போய் நின்றார்கள். அண்ணி மஞ்சளைக் குழைத்து முதல் கல்லை நெருங்கியதும் காவலர் ஓடிவந்தார்.

"ஏம்மா, இன்னா பண்ற? கைய எடு!"

"இது எங்க வூட்டு சாமி நைனா."

"வூட்டு சாமின்னா வூட்டாண்ட வச்சிக்கினு இருக்கணும். இங்க இன்னாத்துக்கு கொண்டாந்து வுட்டீங்க?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் அந்தக் கட்டடத்தையே கட்டியவர்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவரு சொல்றது நாயந்தான். ரூல்ஸ்னு ஒண்ணு கீது இல்ல? வா இப்டி."

அண்ணி மஞ்சள் கையோடு திரும்பினார். "பேரு எழுதிக்கினியே, அந்தப் பலகைக்கே பத்திரிகை வச்சிட்டு வா. உன் பொண்ணு கல்யாணத்த அது நடத்திக் குடுக்கும்."

காவலர் சிரித்துவிட்டார். அண்ணன் முகம் செத்துப்போனது. எனக்கு அது போதவில்லை.

ஊர் திரும்பியதும் அண்ணி வீட்டுக்குள் போகவில்லை. நேராக ஏரிக்கரைக்கு நடந்து, கற்கள் இருந்த இடத்தில் ஏழு செங்கல்லை நட்டு, மஞ்சள் பூசிப் பத்திரிகை வைத்தார். நான் கற்பூரம் ஏற்றினேன். அண்ணன் பின்னாலேயே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார். கை கூப்பவுமில்லை, போகவுமில்லை. யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருந்தார். அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி நான், கூப்பிட்டிருக்கலாம்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. இப்போது அண்ணன் இல்லை. பலகை மட்டும் பளபளப்பாக இருக்கிறது என்கிறார்கள். நான் போய்ப் பார்ப்பதில்லை. செங்கற்களுக்குத்தான் எங்கள் தெருவே முதல் பத்திரிகை வைக்கிறது. அவர் நின்ற இடத்தில் இப்போது கோரைப் புல் மண்டிக்கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். 'வாண்ணா' என்று இன்றைக்கும் எனக்குச் சொல்ல வரவில்லை.