ஒரே வீட்டில் இரண்டு பத்து

மனோகரி உயர்தர வகுப்பைப் படித்து முடித்தவள். ஆனால் சோதனை நெருங்கிய நேரத்தில் அம்மாள் வருத்தம் என்கிற அம்மை கண்டு படுத்துவிட்டாள். அடுத்த சோதனை வருவதற்குள் வீட்டில் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் உள்ள கரம்பொனுக்கு மருமகளாக வந்தாள். ஒரு பெண்பிள்ளையும் பிறந்தது.

புருஷன் தில்லைநாதனுக்கு ஊர்காவற்றுறைக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. பல்கலைக்கழகம் போகவேண்டும் என்ற ஆசை மட்டும் அவனை விடவில்லை. இரண்டு தரம் சோதனை எழுதி, இரண்டு தரமும் யாழ்ப்பாண மாவட்டத்தின் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுவிட்டான். மூன்று தரம்தான் எழுத விடுவார்கள் என்பதால் எண்பத்தைந்தாம் ஆண்டு அவனுக்குக் கடைசித் தரம். வேலை முடிந்து வந்ததும் குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு படிப்பான். மனோகரி மீன் வெட்டியபடி கேள்வி கேட்பாள். அவன் தடுமாறினால் மறுமொழியையும் அவளே சொல்லிவிடுவாள்.

“எல்லாத்தையும் நீரே சொல்லுறீர். நீரும் எழுதும் பாப்பம்,” என்றான் ஒருநாள், பகிடியாக.

“எழுதத்தான் போறன்,” என்றாள் அவள்.

அவள் பகிடி விடவில்லை என்று தெரிந்ததும் தில்லைநாதனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தன் விண்ணப்பத்தோடு அவளுடையதையும் அவனே அனுப்பினான். இருவருக்கும் அதே நாலு பாடங்கள்: தமிழ், இந்து நாகரிகம், புவியியல், அளவையியல். சோதனைக்குச் சைக்கிளில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். மண்டபத்தில் அவனுக்குப் பின்வரிசையில் அவளுக்கு இடம். கேள்வித்தாள் கடினமாக இருந்தால் அவன் பிடரியைச் சொறிவான். அளவையியல் அன்று முழுக்கச் சொறிந்துகொண்டே இருந்தான் என்று அவள் வீட்டுக்கு வந்து மாமி இலட்சுமிப்பிள்ளையிடம் சொன்னாள்.

முடிவு வந்தபோது முதலில் தெரிந்தது எழுத்துகள்தான். தில்லைநாதனுக்கு ஒரு ஏ, ஒரு பி, ஒரு சி, ஒரு எஸ். மனோகரிக்கு இரண்டு பி, இரண்டு சி. ஊர்காவற்றுறையில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த குருசுமுத்து அங்கேயே கணக்குப் போட்டார்.

“ஏ எண்டால் நாலு, பி மூண்டு, சி ரெண்டு, எஸ் ஒண்டு. கூட்டிப் பாருங்கோ, ரெண்டு பேருக்கும் பத்து. ஆனால் ஏ எடுத்தவர் தில்லைநாதன். அவரை விட்டிட்டு ஆரை எடுப்பாங்கள்?”

ஊர் முழுவதும் அதையே ஒப்புக்கொண்டது. தில்லைநாதனின் தாய் இலட்சுமிப்பிள்ளை, மகனுடைய ஏ-க்காகப் பிள்ளையாருக்கு மோதகம் அவித்தாள். மனோகரியும் கூட இருந்து மா குழைத்தாள்.

பாடவாரியான புள்ளிகள் கிடைத்த அன்றுதான் குருசுமுத்துவின் கணக்குக் கவிழ்ந்தது. பல்கலைக்கழகத்துக்கு எழுத்துகளைக் கூட்டுவதில்லை. நாலு பாடத்தின் புள்ளிகளையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைத்தான் மாவட்ட வெட்டுப்புள்ளியோடு வைத்துப் பார்ப்பார்கள். தில்லைநாதனின் ஏ சரியாக எழுபத்தைந்து. ஒரு புள்ளி குறைந்திருந்தாலும் அது பி ஆகியிருக்கும். மற்ற மூன்று பாடங்களும் அப்படித்தான், விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தன. மனோகரிக்கோ தமிழில் எழுபத்து நாலு, இந்து நாகரிகத்தில் எழுபத்து மூன்று. இரண்டு சி-யும் பி-யைத் தொடும் தூரத்தில் நின்றன. அளவையியல் ஒன்றிலேயே அவனைவிட இருபது புள்ளிக்கு மேல் கூட எடுத்திருந்தாள். வெட்டுப்புள்ளி வெளியானபோது அது இருவருக்கும் நடுவில் விழுந்தது. அவள் மேலே, அவன் கீழே.

தில்லைநாதன் தோட்டத்துக்குப் போய் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் இறைத்தான். காலையில் இறைத்த பாத்திகளுக்கே திரும்பவும் இறைத்துக்கொண்டிருந்தான். மனோகரி போய்க் கிணற்றுத் துலாவடியில் நின்றாள்.

“நான் போகேல்லை. ஆசைப்பட்டது நீங்கள்தானே,” என்றாள்.

அவன் வாளியைக் கீழே வைத்தான். “எனக்குக் கவலை இல்லை எண்டு சொன்னால் பொய். ஆனால் நான் புத்தகமும் கையுமாய் இருந்து எடுக்காததை, நீர் மீன் வெட்டிக்கொண்டு எடுத்தனீர். நீர் போகாமல் விட்டால்தான் எனக்கு வெக்கம்.”

“பிள்ளையை ஆர் பாக்கிறது?”

வேலிப்பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த இலட்சுமிப்பிள்ளை அப்போதுதான் வாய் திறந்தாள். “பிள்ளையை நான் பாப்பன். ஆனால் சோறு கறி என்ரை மகன்தான் காய்ச்ச வேணும். எனக்கு அடுப்புப் புகை ஏலாது.”

அத்தனை வருஷமும் ஒத்துக்கொண்ட புகை அன்றைக்கு ஏன் ஒத்துக்கொள்ளாமல் போனது என்று யாரும் கேட்கவில்லை.

மனோகரி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். முதல் வெள்ளிக்கிழமை பஸ்ஸால் இறங்கி வந்தபோது, மகளின் தலை மூன்று பின்னலாக இருந்தது. ஒரு பின்னலில் ஆட்டுக்குக் கட்டும் கயிற்றுத் துண்டு. தில்லைநாதன் தேங்காய்ப்பால் சொதி வைத்திருந்தான். அவள் உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். மாமிதான் சொன்னாள்.

தேத்தண்ணிக்கடையில் தில்லைநாதன் புதுக் கணக்குக்காரனானான். சோதனை எழுதிய பிள்ளைகள் எழுத்துகளோடு வந்தால், “எழுத்தைப் பாத்துச் சந்தோசப்படாதேங்கோ, கவலையும் படாதேங்கோ. புள்ளி வரட்டும்,” என்பான். ஏன் அப்படி என்று கேட்டால், தன் வீட்டுக் கதையைத் தொடங்கிவிடுவான். மனைவியின் எழுபத்து நாலைச் சொல்லும்போது குரலை உயர்த்துவான்.

தொண்ணூறில் போர் வந்து தீவுப்பகுதியை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அவர்களும் கொக்குவிலில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார்கள். மனோகரி பட்டம் பெற்று அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தாள். பள்ளிக்கூடம் விட்டு அவள் வரும் நேரம் தில்லைநாதன் அடுப்படியில் இருப்பான். அதற்குள் அவன் சொதிக்கு உப்பு மட்டாகப் போடப் பழகியிருந்தான். இலட்சுமிப்பிள்ளை மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.