மிஸ்ஸுக்குச் சொன்ன பதில்

பிள்ளைகளே, உங்கள் அம்மா வயிற்றுப் பிள்ளையோடு கிளினிக் போகும் நாளில் நான் கடலுக்குப் போகாமல் கூடவே போகிறேன் என்று சிரிக்கிறீர்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒன்பது வயது. சண்டைக் காலம். என் அம்மாவின் தங்கை, சின்னம்மா, தலைப்பிள்ளை வயிற்றோடு உடப்பில் எங்கள் வீட்டில் இருந்தார். கரைவலை இழுக்க முல்லைத்தீவுப் பக்கம் போன அவர் புருஷன், சின்னையா, பாதை பூட்டியதால் அங்கேயே நின்றுவிட்டார். அந்த மாதம் வருவதாகக் கடிதம் வந்திருந்தது.

சின்னம்மாவின் பாதங்கள் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. "ஆம்பிளப் பிள்ளதான்" என்று அயலவர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஊருக்கு வரும் மருத்துவிச்சி மிஸ் மட்டும் சந்தோஷப்படவில்லை. பிரஷர் கூடியிருக்கிறது, இன்னொரு முறை இப்படியென்றால் சிலாபம் ஆஸ்பத்திரியில் நிறுத்துவேன் என்றார்.

"நான் வார்ட்டில கிடக்க, அவர் வந்து வெறும் வீட்டயா பாக்கிற?" என்றார் சின்னம்மா.

அடுத்த கிழமை மிஸ்ஸின் சைக்கிள் மணி கேட்டதும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அம்மா கடற்கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். சின்னம்மா சொல்லித் தந்தபடி நான் வாசலில் நின்றேன்.

"சின்னம்மா எங்க மகன்?"

"முன்னேஸ்வரம் கோயிலுக்குப் போயிட்டா மிஸ்."

"தலையிடி, கண் மங்குறது, அப்பிடி ஏதும் சொன்னதா?"

அன்று காலையில்தான் சின்னம்மாவின் தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டிருந்தேன்.

"இல்ல மிஸ். நல்லா ஓடித் திரியிறா."

மிஸ் போனதும் சின்னம்மா வெளியே வந்து என் கன்னத்தைக் கிள்ளினார். "இந்த முறை திருவிழா நாடகத்தில ராஜா வேஷம் உனக்குத்தான்டா!" எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் சோறு போடும்போதே சின்னம்மாவுக்கு வலிப்பு வந்தது. வாகனம் பிடித்து, இரண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, சிலாபம் போய்ச் சேர்ந்தார்கள். சின்னம்மா பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை.

அதற்கு அடுத்த கிழமை சின்னையா வந்தார். வெறும் வீட்டுக்கு வரவில்லை, ஆனால் பிள்ளை இல்லாத வீட்டுக்கு வந்தார். சின்னம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வீக்கமும் தலையிடியும் பிரஷரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. கேள்வி கேட்பவர்களிடம் எதையும் சொல்லக் கூடாது என்று எங்களை வளர்த்த காலம் அது. சாவடியில் துவக்கோடு நிற்பவன் கேட்பதும் மிஸ் கேட்பதும் வேறு வேறு என்பதும் தெரியாது.

சின்னையா வந்த மறுநாள், ஒருவருக்கும் சொல்லாமல் கிளினிக் கட்டடத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருந்தது. கதவு இடுக்கில் வாயை வைத்து, "சின்னம்மாவுக்குத் தலையிடிச்சது மிஸ்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.