ஆடிக் காற்றில் ஒரு கறுப்புக் கம்பி

கணவன் வீட்டை விட்டு வந்துவிடுகிறேன் என்று மகள் போனில் சொன்னபோது நான் கேட்டது ஒன்றுதான். "ஒன்னோட ரூம் ஜன்னலுக்கு எந்த மாதிரி திரை போடட்டும்?" அழுதுகொண்டிருந்தவள் கொஞ்சம் நிறுத்தினாள். "எதையாச்சும் போடுங்கப்பா. திரைக் கம்பி மட்டும் கறுப்பா இருக்கட்டும்." எனக்குத் தெம்பு வந்துவிட்டது. விருந்தாளியாக வருகிறவள் கலர் சொல்ல மாட்டாள்.

முன்பும் இரண்டு தடவை வந்தவள்தான். பெட்டியைக் கதவோரம் வைத்து, அதிலிருந்தே எடுத்து உடுத்திக்கொண்டாள்; பீரோவைத் திறக்கவே இல்லை. யார் யாரோ வந்து சமாதானம் பேசினார்கள், கிளம்பிப் போய்விட்டாள். இந்தத் தடவை அவள் தங்க வேண்டும். அதற்குமேல் எனக்கு எந்த ஆசையும் இல்லை.

அவள் கல்யாணமாகிப் போனதும் அந்த அறையில் தட்டுமுட்டுச் சாமான்களைப் போட்டு வைத்திருந்தோம்; இப்போது எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். ஜன்னலுக்கு அளந்து வெட்டிய கம்பி பரணில் துருவேறிக் கிடந்தது. என் மனைவி திரை தைக்க உட்கார்ந்தாள். நான் கம்பியையும் பிராக்கெட்டையும் உப்புத்தாளால் தேய்த்து, தின்னரில் துடைத்து, மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன்.

அடுத்த தெருவிலிருந்து என் அக்கா மூச்சிரைக்க மேலே வந்தாள்.

"ஆடி மாசத்துல போயி வீட்டு வேலைய ஆரம்பிக்கிற. அதுலயும் கறுப்பு! வெளங்குமாடா?"

"வெளங்கும்க்கா."

"சரி, அவளுக்கு இது தலை ஆடிதான? யாரும் கேட்டா, சீர் வச்சு அழைச்சிட்டு வந்திருக்கோம்னு சொல்லிருவோம். ஒருத்தருக்கும் சந்தேகம் வராது."

"ஆவணி பொறந்தா என்ன சொல்லுவ?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கி அழுத்தினேன். காற்று பெயிண்டை அப்படியே திருப்பிக்கொண்டு வந்து அவள் முந்தானையில் அடித்தது.

"இம்புட்டு பெயிண்டும் எஞ் சேலைக்குத்தானாடா?"

சிரித்தால் அடி விழும் என்பதால் சிரிக்கவில்லை. காற்றுக்குப் பயந்து வேலையை விடுகிற ஆள் நானில்லை. பழைய பிரிட்ஜ் அட்டைப்பெட்டியைப் படுக்கப் போட்டு, கம்பியை அதற்குள் சணலில் தொங்கவிட்டு, மெல்லிசாக அடித்தேன். காயவிட்டு மறுபடி அடித்தேன். அவசரத்தில் ஓரிடத்தில் பெயிண்ட் வழிந்துவிட்டது. காய்ந்ததும் அதைத் தேய்த்துவிட்டு அடித்தேன். கடையில் விற்கிற கம்பி தோற்றது.

மறுநாள் சமயநல்லூர் ஸ்டாப்பில் போய் அழைத்து வந்தேன். வாசலிலேயே எதிர்வீட்டம்மா பிடித்துக்கொண்டார்.

"ஆடிக்கு வந்தியாத்தா?"

மகள் தலையைக் குனிந்தாள். நான் தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

"இல்லம்மா. அவ வீட்டுக்கு வந்துட்டா."

அறைக்குள் போனவள் கம்பியைத் தடவி, விரலைப் பார்த்தாள். கறுப்பு ஒட்டவில்லை. திரையை இழுத்து மூடினாள். நான் வெளியே வந்து கூடத்தில் உட்கார்ந்து பேப்பரை விரித்தேன். ஓர் எழுத்தும் ஏறவில்லை. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"அப்பா, பீரோ சாவி எங்க வச்சிருக்கீங்க?"