வெர்னா வீட்டுப் பின்னறை

ஐஸ்கிரீம் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் உள்ளங்கையால் தட்டினாள் வெர்னா கோலியர். கட்டி அசைந்து கொடுக்கவில்லை. குழாய்த் தண்ணீரில் காட்டி மறுபடி தட்டியதும், செங்கல் அளவுப் பனிக்கட்டி ஒன்று எலுமிச்சை மரத்தடியில் போய் விழுந்தது. அடுத்த டப்பாவை எடுத்தாள். ஆட்டப் பருவம் முடிந்ததும் ஃப்ரீசரைக் காலி செய்யும் இந்த வேலையை வேறு யாரும் தொட அவள் விடுவதில்லை.

மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு பச்சைக் குப்பைத்தொட்டி நிற்கும். குப்பையையே பார்த்திராத தொட்டி. ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் அதில் தண்ணீரையும் இந்தக் கட்டிகளையும் நிரப்பி, இடுப்புவரை உள்ளே இறங்கி, ஒரு பையன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். கால் வீக்கம் வடிவதற்கான வைத்தியம். அவன் ஆடுகிற கிளப்பில் இதற்கென்றே பளபளக்கும் தொட்டிகள் வந்து வெகுகாலம் ஆகிறது. “அங்க இருக்கிறது அவங்க காலுக்கு. இங்க இருக்கிறது என் காதுக்கு,” என்பாள் வெர்னா. தொட்டிக்குள் நிற்கும்போதுதான் பையனால் அவளிடமிருந்து தப்பி ஓட முடியாது. அம்மாவோடு பேசினாயா, சனிக்கிழமை கூட்டி வந்த பெண் யார், பல் டாக்டரிடம் ஏன் போகவில்லை, எல்லா விசாரணையும் அப்போதுதான் நடக்கும்.

கையாலும் காலாலும் ஆடுகிற ஆஸ்திரேலியக் கால்பந்துக்கு ஆல்டன் பெலிகன் கிளப் வருடாவருடம் நவம்பரில் புதுப் பையன்களை எடுக்கும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு, தோளில் ஒரு பையுடன், தேசத்தின் ஏதேதோ மூலைகளிலிருந்து வந்து இறங்குவார்கள். பந்தை எழுபதடி தள்ளி நிற்பவன் நெஞ்சுக்கு நேராக உதைக்கத் தெரியும். முட்டை அவிக்கத் தெரியாது. அவர்களை முதல் மூன்று வருடம் ஏதாவது ஒரு குடும்பத்தோடு தங்கவைப்பது கிளப்பின் வழக்கம். அப்படிப்பட்ட வீடுகளில் மூத்தது வெர்னாவுடையது. பள்ளிச் சிற்றுண்டிக் கடையில் அரைநாள் வேலை, டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற கணவர் லெஸ், சிட்னிக்குக் கல்யாணமாகிப் போன மகள், காலியாகக் கிடந்த பின்னறை. “சும்மா கிடக்கிற ரூம்ல ஒட்டடைதான் வளரும். அதுக்கு ஒரு பையன் வளரட்டுமே,” என்று ஆரம்பித்தது.

முதலில் வந்தவன் வார்விக். நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம். கட்டிலுக்கு வெளியே முழங்காலுக்குக் கீழே எல்லாம் தொங்கியது. லெஸ் ஓர் ஆப்பிள் பெட்டியைக் கால்மாட்டில் வைத்து ஆணியடித்து, மேலே மெத்தை தைத்துப் போட்டார். வார்விக் இப்போது இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், குழாய் வேலை செய்கிறான். அதற்குப் பிறகு வந்த எவனுக்கும் அந்தப் பெட்டி தேவைப்படவில்லை. ஆனாலும் அதை எடுக்கச் சொன்னால் வெர்னாவுக்குக் காது கேட்காது.

தாஸ்மேனியாவிலிருந்து வந்த கெல்வின் முதல் வாரம் முழுக்க நாய் நினைவில் அழுதான். அம்மா நினைவில் அழுதால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்கும். நாய்க்கு என்ன சொல்வது? பக்கத்து வீட்டுக் கிழ நாயை ராத்திரிக்கு மட்டும் கடன் வாங்கி அவன் அறையில் விட்டாள். அந்த நாயும் அவனும் மூன்று வருடம் ஒரே கம்பளியில் தூங்கினார்கள். பெலிகன்கள் கோப்பையை வென்ற அந்த ஒரே செப்டம்பரில், தெருவே காரில் ஹாரன் அடித்துக் கொண்டிருக்க, கெல்வின் விடிந்த பிறகு வீட்டுக்கு வந்தான். பதக்கத்தைக் கழற்றி நாயின் கழுத்தில் மாட்டிவிட்டு, சமையலறைத் தரையிலேயே படுத்துத் தூங்கிப்போனான். வெர்னா அவனைத் தாண்டித் தாண்டி நடந்து காலை உணவு சமைத்தாள். அவள் வாழ்க்கையில் சந்தோஷமான நாட்களைச் சொல்லச் சொன்னால், மகளின் கல்யாணத்துக்கு முன்னால் இது வந்துவிடுகிறது. மகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

இத்தனை வருடத்தில் அவள் மைதானத்துக்குப் போனதில்லை என்று சொன்னால் தெருவில் புதிதாக வந்தவர்கள் நம்புவதில்லை. ஆட்ட நேரம் முழுவதும் ரேடியோவைப் போட்டுவிட்டு இஸ்திரி போடுவாள். அணி நன்றாக முன்னால் இருந்தால் சட்டைகள். இழுபறி என்றால் தலையணை உறைகள். தோற்றுக்கொண்டிருந்தால் பாத்திரம் துடைக்கும் துணி, அதுவும் தீர்ந்தால் கிடைத்தது எல்லாம். அலமாரியைத் திறக்கும்போது தன் ஜட்டியில் கத்தி மாதிரி மடிப்பு விழுந்திருந்தால் லெஸ் ஸ்கோர் கேட்பதில்லை.

இந்த வருடம் மடிப்பு ஜாஸ்தி.

அக்டோபரில் கிளப் தன் உறுப்பினர்களுக்கு ஒரு படம் அனுப்பும். வருடம் முழுவதையும் முரசும் வயலினும் சேர்த்துக் குழைத்து, கால்மணி நேரத்தில் காட்டும் படம். வியர்வை மெதுவாகச் சொட்டும். பயிற்சியாளர் தொடுவானத்தைப் பார்ப்பார். தோற்ற ஆட்டங்கள் எங்கே போயின என்று யாரும் கேட்கக் கூடாது. “ஒரு ஈரத்துணி இல்ல, ஒரு சளி இல்ல. இது எந்த ஊர் வருஷம்?” என்பது வெர்னாவின் விமரிசனம். அதனால் படம் முடிந்ததும் அவள் தன் வருடத்தைச் சொல்வாள். ஆட்டிறைச்சி ரோஸ்ட், புதினாச் சட்னி, பூசணி, அதோடு மார்ச்சிலிருந்து தொடங்கும் அவளுடைய சொந்த வரலாறு. ஏப்ரலில் துணியே காயவில்லை, அப்போது தொடர்ந்து தோற்றார்கள். ஜூனில் பாதி அணிக்கு வயிற்றுப்போக்கு, மீதிப் பாதி ஓடி ஜெயித்தது. பழைய பையன்கள் சிலர் அன்றைக்குப் பார்த்துப் போன் செய்து, “எங்க வருஷத்தை ஒருதரம் சொல்லு வெர்னா” என்று கேட்பதுண்டு. கெல்வினின் வருடத்தை அவள் சொல்லும்போது லெஸ் எழுந்துபோய் இன்னொரு பியர் எடுத்து வருவார்; நீளமான வருடம் அது.

பின்னறையில் இப்போது இருப்பவன் ஹேமிஷ். மேற்கே, கோதுமை விளைகிற சீமையிலிருந்து வந்தவன். இது அவனுக்கு இரண்டாவது வருடம். தண்ணீர்ப் பஞ்சத்தில் வளர்ந்தவன் என்பதால் எந்தக் குழாயையும் உயிர்போகத் திருகி மூடுவான். லெஸ் மாதம் ஒருமுறை வாஷர் மாற்றுவார். தொடைத் தசை இரண்டு முறை கிழிந்தது. ஆடிய ஆட்டங்கள் கொஞ்சம், அடித்த கோல் ஒன்று. வியாழக்கிழமை பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும். வருடக் கடைசியில் ஒவ்வொரு ஆட்டக்காரனையும் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த வருடம் உண்டா இல்லையா என்று சொல்லும் சந்திப்பு அது. அன்றைக்கு வெர்னா கேள்வி கேட்பதில்லை. கார் கதவுச் சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரிந்துவிடும். கிளப் கழற்றிவிட்ட பையன்கள் கதவை மெதுவாகச் சாத்துவார்கள்.

ஹேமிஷுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. காலையில் டோஸ்டை வாயில் வைத்துக்கொண்டே தன் திட்டத்தைச் சொன்னான். ஊரில் அறுவடை ஆரம்பிக்கப் போகிறது. இடுப்பு வலியோடு அப்பா போன வருடம் தனியாகவே இயந்திரத்தை ஓட்டினார். இந்த வருடமாவது வருகிறாயா, இல்லை அடுத்த பண்ணைக்காரன் மகனை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறார். நாளைக் காலைக்குள் பதில் வேண்டும். வரவில்லை என்று சொல்லிவிடப் போவதாக ஹேமிஷ் சொன்னான். கோடை முழுக்க இங்கேயே இருந்து, காலைத் தேற்றி, மார்ச்சில் முதல் ஆட்டத்திலேயே இறங்க வேண்டும். லெஸ் அவன் முதுகில் தட்டினார். வெர்னா இன்னும் இரண்டு முட்டை உடைத்து ஊற்றினாள்.

அதற்குப் பிறகுதான் அவள் ஐஸ் டப்பாக்களோடு கொல்லைக்கு வந்தது. பாதி வேலையில் போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தாள். கிளப்பில் பையன்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் ஷோனா. குளிர்காலத்தில்தான் அந்த வேலைக்கு வந்தவள், எல்லோரிடமும் கொஞ்சம் பயந்துதான் பேசுவாள். நவம்பர் கடைசியில் ஒரு பையன் வருவான், பின்னறை காலியாகத்தானே இருக்கும் என்று கேட்டாள்.

“அனுப்பு கண்ணு. வேர்க்கடலை ஆகாது, பால் ஆகாதுன்னு ஏதாவது இருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிடு,” என்றாள் வெர்னா. ஒவ்வொரு புதுப் பையனுக்கும் சொல்லிச் சொல்லி நாக்கு தானாகச் சொல்கிற பதில். ஷோனா நன்றி சொல்லி வைத்தாள்.

அடுத்த டப்பாவைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. பின்னறையில் ஆள் இருக்கிறான்.

லெஸ் துணி துவைக்கும் அறையில் குழாயைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, அந்தப் பெண் ஆள் மாற்றி யாரையாவது நினைத்துப் பேசியிருப்பாள் என்றார்.

“இந்த வீட்ல எத்தனை பின்ரூம் இருக்கு, லெஸ்?”

அவர் வாஷரை விரலில் சுற்றிப் பார்த்தார். வியாழக்கிழமை பயிற்சியாளரே சொல்லட்டும், சம்பளம் வாங்குகிறவர் அதற்குத்தான் இருக்கிறார், நாம் முந்திக்கொண்டால் ஷோனாவின் வேலைக்கும் வேட்டு என்றார். அதில் நியாயம் இருந்தது. ஆனால் நாளைக் காலையில் பையன் தகப்பனிடம் வரமாட்டேன் என்று சொல்லுவான். வியாழக்கிழமை கிளப் அவனிடம் வேண்டாம் என்று சொல்லும். அதற்குப் பிறகு ஊருக்குப் போனால் அவன் இடத்தில் அடுத்த பண்ணைக்காரன் மகன் உட்கார்ந்து இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருப்பான். வெர்னா இதையெல்லாம் சொல்லவில்லை. “அவங்கப்பாவுக்கு இடுப்பு சரியில்ல,” என்று மட்டும் சொன்னாள். லெஸ்ஸுக்குப் புரிந்தது. “உனக்குத் தோணினதைத்தான் செய்வே. என்னை எதுக்குக் கேக்கிறே?” என்றார்.

மாலையில் ரோஸ்ட்டைக் கத்தி வைத்து அரிந்தபோதே படத்தைப் போட்டுவிட்டான் ஹேமிஷ். முரசு, வயலின், தொடுவானம். மழையில் ஓர் ஆட்டம் வந்ததும், “இருங்க, இருங்க,” என்று ஃபோர்க்கைத் தூக்கினான். சேற்றில் பந்து உருண்டு வருகிறது. பச்சை வெள்ளை ஜெர்சியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் அதைக் குனிந்து அள்ளி, உடம்பைத் திருப்பாமலேயே உதைக்கிறான். இமைக்கும் நேரம்தான். முகம்கூடத் தெரியவில்லை, ஆனால் அது ஹேமிஷ் அடித்த அந்த ஒரே கோல். ஹேமிஷ் பின்னால் ஓட்டி மறுபடி போட்டான். அன்றைக்கு ரேடியோவில் இதைக் கேட்டபோது வெர்னா தலையணை உறையைத் தீய்த்துவிட்டாள். அந்தக் கதையை லெஸ் சொன்னார். அவன் சிரித்து, மூன்றாவது முறையும் போட்டு, அந்த முதுகு திரையில் நிற்கும்படி நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“இப்ப உங்க வருஷம். மார்ச்லேர்ந்து.”

வெர்னா ஆரம்பித்தாள். மார்ச்சில் வெயில், பயிற்சியாளர் மூக்கு உரிந்துபோய்த் தொலைக்காட்சியில் வந்தது, கேப்டனின் கல்யாணம், ஏப்ரல் மழை. வழக்கம்போல் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜூன் வரை வந்தாள். ஜூலையில் ஹேமிஷுக்கு இரண்டாவது முறை தொடை கிழிந்தது. அங்கே நின்றுவிட்டாள். லெஸ் உருளைக்கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு அப்பாகிட்ட வரலைன்னு சொல்லாதே,” என்றாள்.

ஹேமிஷ் மெல்லுவதை நிறுத்தவில்லை. ஏன் என்று புருவத்தால் கேட்டான்.

“காலைல ஷோனா போன் பண்ணினா. நவம்பருக்குப் பின்ரூமைக் கேட்டா.”

“அப்ப நான் ஹால்ல படுத்துக்கணுமா?” என்றான். லெஸ் எப்போதும் இந்த மாதிரி விஷயத்துக்குச் சிரிப்பவர். சிரிக்கவில்லை. ஹேமிஷ் அவர் முகத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். வாயிலிருந்ததை மெதுவாக விழுங்கினான். தன் பெயரை ஏதாவது சொன்னாளா என்று கேட்டான். இல்லை, அறையை மட்டும்தான் கேட்டாள் என்றாள் வெர்னா. அவன் தலையை ஆட்டினான். ரொம்பத் தேவையான ஒரு தகவலை வாங்கிக்கொண்டவன் மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு திரையில் நின்றிருந்த தன் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

சொன்னதற்கு நன்றி என்றான். அப்பாவிடம் இன்றைக்கே பேசிவிடுகிறேன் என்றான். அவன் குரலில் குறை எதுவும் இல்லை. லெஸ் அவன் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சியை வைத்தார். அதை அவன் ஃபோர்க்கால் ஓரத்துக்கு நகர்த்தினான்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

வெர்னா பூசணிக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“ஷோனாகிட்ட. ரூம் கேட்டாளே. நீங்க என்ன சொன்னீங்க, வெர்னா?”

“வெர்ன்,” என்றார் லெஸ்.

வெர்னா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். தன் தட்டின் மேல் லெஸ்ஸின் தட்டை வைத்தாள். அதன்மேல் ஹேமிஷின் தட்டையும், அவன் இன்னும் பாதிகூடச் சாப்பிட்டிருக்கவில்லை, எடுத்து வைத்துக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளி வெளியே போனாள்.